மலைத்தேனும் பெட்டித்தேனும்

தேன் என்னும் சொல் பழந்தமிழில் இரு பொருள் தந்தது. மலர்ச்சாற்றில் இருந்து உண்டாகும் இனிய பொருளை அது குறித்தது. அப்பொருளை ஈட்டும் வண்டினத்துள் ஒன்றையும் அதுவே குறித்தது. சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு என்னும் வரிசையில் தேன் என்பதும் ஓர் உயிரின் பெயராக நின்றது. உழைப்பவனையும் உழைப்பின் பயனையும் ஒரே பெயரால் அழைத்த முன்னோர், இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்றே கொள்ளலாம். தெலுங்கில் தேனெ, கன்னடத்தில் ஜேனு, மலையாளத்தில் தேன் எனத் திராவிட மொழிகளுள் இச்சொல் ஒரே வேரில் கிளைத்து நிற்கின்றது. கருநாடக மலைக்காடுகளில் வாழும் ஜேனு குறுபர் தம் குலப்பெயரிலேயே தேனைத் தாங்கியுள்ளனர்.

மனிதன் தேனைத் தேடிய வரலாறு உழவுக்கும் முற்பட்டது. ஸ்பெயின் நாட்டின் சிலந்திக் குகையில், கொடிகளைப் பற்றித் தொங்கியவாறு தேனடையில் கைவைக்கும் ஒருவரின் உருவம் தீட்டப்பட்டுள்ளது. ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகட்கு முந்தையது எனப்படும் அவ்வோவியத்தில் தேனீக்கள் சுற்றிப் பறக்கின்றன. எகிப்திலோ கி.மு. 2400-ஐ ஒட்டிய காலத்துக் கோயிற் சிற்பம் ஒன்று, கூடுகளில் தேனீ வளர்த்துத் தேன் எடுப்பதைக் காட்டுகின்றது. பாறையில் தொங்கித் தேன் கொள்வது ஒரு வழி. தேனீக்கு வீடு கட்டித் தேன் கொள்வது மற்றொரு வழி. தமிழகத்தில் முதல்வழி மிகத் தொன்மையானது. இரண்டாம் வழி செம்மையுற்று ஒரு நூற்றாண்டே ஆகின்றது. இவ்விரு வழிகளுக்கும் இடையே, உயிருக்குத் தீங்கு செய்யாமல் இனிமையைப் பெற இயலுமா என்னும் வினா நெடுங்காலமாக நின்று வந்துள்ளது.

குறிஞ்சியின் செல்வம்

சங்கச் சான்றோர் குறிஞ்சி நிலத்தைப் பாடுமிடங்களில் எல்லாம் தேன் மணக்கின்றது. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலேயே அம்மலை நான்கு விளைவுகளைத் தரும் என்று கபிலர் புறநானூற்றுப் பாட்டில் எடுத்துரைக்கின்றார். மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அந்நான்கு. முற்றுகையைத் தாங்கும் உணவுக் கையிருப்பாகவே தேன் அங்கே கணக்கிடப்படுகின்றது. அது விருந்துக்குரிய பண்டம் மட்டுமன்று, வாழ்வுக்குரிய பண்டமும் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அது வாணிகப் பொருளாகவும் இருந்தது. தேனையும் கிழங்கையும் கொடுத்து மீன்நெய்யையும் நறவையும் மாற்றிக்கொள்ளும் மக்களைப் பொருநராற்றுப்படை காட்டுகின்றது. மலையின் இனிமை கடற்கரைக்கு இறங்கியது; கடற்கரையின் நெய் மலைக்கு ஏறியது. மூங்கிற் குழாயில் ஊற்றி முற்றவைத்த தேற்கள் தேறலைத் திருமுருகாற்றுப்படையிலும் பிற பாட்டுகளிலும் காண்கின்றோம்.

செங்குத்தான பாறையில் ஏறித் தேன் எடுப்பதற்கு மூங்கிலால் அமைத்த ஏணிக்கு மால்பு என்று பெயர். பாறைக்குப் பாறை கட்டிவைத்த பழைய மால்பு உளுத்திருப்பதை அறியாமல் ஏறுபவனைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று உவமை ஆக்குகின்றது. ஒரு தொழிலுக்குத் தனிக்கருவியும், அக்கருவிக்குத் தனிப்பெயரும், அதன் இடர் உவமையாகும் அளவுக்குப் பொது அறிவும் இருந்தன எனின், அத்தொழில் எத்துணைப் பரவலாக நிகழ்ந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

பரணர் பாடிய மற்றொரு குறுந்தொகைப் பாட்டில் நடக்க இயலாதவன் ஒருவன் மலையுச்சித் தேனடையைக் கீழிருந்து கண்டு, உள்ளங்கையைக் குவித்து நக்கி மகிழ்கின்றான். தலைவர் அன்பு செய்யாவிடினும் அவரைப் பலகாலும் காண்பதே இனிது என்னும் தலைவியின் கூற்றுக்கு அது உவமை. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல என்று பின்னாளில் வழங்கும் பழமொழியில் இரக்கம் போய் எள்ளல் புகுந்துவிட்டது. புலவர் கண்ட ஏக்கத்தை ஊர் நகைப்பாக்கிக்கொண்டது எனலாம்.

தேன் யாருக்கு உரியது?

காட்டில் தானே விளைவதாயினும் தேன் உரிமையற்ற பொருளாக இருந்ததில்லை. சோழர்காலக் கொடைச் செப்பேடுகள் ஓர் ஊரைத் தானமாக வழங்கும்போது, அதன் மேல்நோக்கிய மரங்களையும் கீழ்நோக்கிய கிணறுகளையும் எண்ணுவதோடு, மீன் வாழும் பள்ளங்களையும் தேன் கூடும் பொதும்புகளையும் சேர்த்தே எண்ணுகின்றன. நிலத்தோடு தேனும் கைமாறியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் காடுகளை அரசின் உடைமையாக்கியது. தேனும் மெழுகும் சிறுவன விளைபொருள்கள் என்னும் பட்டியலில் அடங்கின. உயிரைப் பணயம் வைத்துப் பாறையில் இறங்கிய பழங்குடி மக்கள், தேன் எடுக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் கூலிக்காரர் ஆயினர். விடுதலைக்குப் பின்னர்ப் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி அந்நிலையை ஓரளவு மாற்றின. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே, தேன் உள்ளிட்ட சிறுவன விளைபொருள்கள் மீது காட்டுவாழ் மக்களின் உடைமையுரிமையை வெளிப்படையாக ஏற்றது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று உலகம் கேட்கின்றது. நூற்றாண்டுக்கு மேலாகத் தேன் எடுத்தவனுக்குப் புறங்கை மட்டுமே மிஞ்சியது என்பதை வரலாறு சொல்கின்றது.

நீலகிரியில் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் ஆகியோரிடையே இத்தொழில் இன்றும் வழங்குகின்றது. மலைத்தேனீ உயர்ந்த பாறைகளிலும் பெருமரங்களிலும் ஒற்றை அடையாகப் பெரிய கூடு கட்டும். அதனைப் பெட்டியில் அடைத்து வளர்க்க இயலாது. பச்சிலைப் புகையூட்டி ஈக்களை விலக்கி, கொடியால் முறுக்கிய ஏணியில் தொங்கியே அதன் தேனைக் கொள்ளவேண்டும். மேலே ஏணியைக் காத்து நிற்பவன் மனைவியுடன் பிறந்தவனாக இருத்தல் வேண்டும் என்னும் வழக்கம் மலைவாழ் மக்கள் சிலரிடம் உண்டு. தன் உடன்பிறந்தாள் கைம்பெண் ஆவதை எவனும் விரும்பான் என்பதே அதன் உட்கிடை. 1993-இல் தோன்றிக் கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் நிறுவனம், இம்மக்களின் தேனுக்கு நேரிய விலை கிடைக்கவும், அடையின் தேன்பகுதியை மட்டும் அரிந்து புழுப்பகுதியை விட்டுவைக்கும் முறை பரவவும் பணியாற்றி வருகின்றது.

இனிமையும் இன்னாமையும்

அடையைப் பிழிந்தே தேன் எடுத்த காலத்தில் முட்டைகளும் புழுக்களும் தேனோடு நசுங்கின. தீப்பந்தம் காட்டினால் ஈக்களும் மாண்டன. இதனாலேயே சமண சமயம் ஊனையும் கள்ளையும் விலக்கியதோடு தேனையும் விலக்கியது. கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் ஒருகாலத்தில் புகழ்பெற்ற சமணப் பள்ளியாக விளங்கியது. மருள்நீக்கியார் தருமசேனர் என்னும் பெயருடன் அங்கே தலைமை பூண்டிருந்தார் என்று பெரியபுராணம் கூறும். ஊர்ச்சோலைகளில் தேன் சொட்டிய காலத்தில், அதனைத் தொடாத துறவியர் வாழ்ந்த மாவட்டம் இது.

அதே மாவட்டத்தில், வடக்குத்தை அடுத்துள்ள வடலூரில், 1867-இல் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசித்தோர்க்கு உணவிட்ட இராமலிங்க அடிகளார், திருவாசகத்தின் சுவையைச் சொல்ல வந்தபோது கருப்பஞ்சாறு, பால், கனி ஆகியவற்றோடு தேனையும் கலந்து உவமை கூறினார். சீவகாருணியத்தை வாழ்வாகக் கொண்டவர் நாவிலும் இனிமைக்கு மறுபெயர் தேனாகவே இருந்தது. இனிமையை ஒழிக்கவும் இயலாது. இன்னாமையை ஒப்பவும் இயலாது. இச்சிக்கலுக்கு விடை சமய நூலிலிருந்து வரவில்லை. ஒரு மரப்பெட்டியிலிருந்து வந்தது.

பெட்டி வந்த வரலாறு

1851-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் ஓர் எளிய உண்மையைப் பயன்கொண்டார். கூட்டினுள் தேனீக்கள் நடமாட ஒரு குறித்த அளவு இடைவெளி தேவை. அவ்விடைவெளி குறைந்தால் பிசினால் அடைத்துவிடும். மிகுந்தால் அங்கும் அடை கட்டிவிடும். சட்டங்களுக்கிடையே அந்த அளவையே விட்டுவைத்தால், ஒவ்வோர் அடையையும் தனித்தனியே வெளியே எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். 1865-இல் சுழற்றித் தேன் பிரிக்கும் கருவியும் தோன்றியது. அடை உடையாமல், புழு நசுங்காமல் தேன் வடிந்தது. வெற்றடையை ஈக்கள் மீண்டும் நிரப்பின.

இம்முறையைத் தென்னாட்டிற்கு ஏற்பத் திருத்தியவர் நியூட்டன் பாதிரியார். ஐரோப்பியத் தேனீயினும் உருவில் சிறியது நம் பொந்துத் தேனீ. அடுக்கடுக்காக அடை கட்டுவதால் அதனை அடுக்குத் தேனீ என்றும் அழைப்பர். மேனாட்டுப் பெட்டி அதற்குப் பெரிதாக இருந்தது. ஏழு சட்டங்கள் கொண்ட சிறு பெட்டியை அவர் வடிவமைத்தார்; 1911 முதல் 1917 வரை சிற்றூர் மக்கள் பலர்க்குப் பயிற்சியும் அளித்தார். அடிப்பலகை, புழு அறை, அதன்மேல் தேன் அறை, மூடி என அமைந்த அப்பெட்டி நியூட்டன் பெட்டி என்றே இன்றும் வழங்குகின்றது.

அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் இப்பணியை ஊர்தோறும் பரப்பினார். முதலீடு சிறிதும் நிலம் சிறிதும் உடைய குடும்பங்கள் வீட்டுப் புறக்கடையில் பெட்டி வைத்தன. 1932-இல் வெளிவந்த ஆங்கில நூலில் அவர் தம் புனரமைப்புப் பணியை விளக்கியுள்ளார். 1928-இல் வெளியான அரச வேளாண்மைக் குழுவின் அறிக்கையும் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரிந்துரைத்தது. 1937-இல் மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. காந்தியடிகளின் முயற்சியால் 1934-இல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கமும் தேனீ வளர்ப்பை ஊக்கியது. வெந்நீரும் எலுமிச்சையும் தேனும் அடிகளின் அன்றாட உணவில் இடம்பெற்றிருந்தன. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, தேனீ வளர்ப்பில் தேர்ந்த ஒரு மக்கட்கூட்டமும் தமிழகத்துக்குக் கிடைத்தது.

அம்மாவட்டத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று என்பது பலருக்கு வியப்பளிக்கும். இரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில், இளந்தளிரின் காம்பருகே உள்ள சுரப்பிகளில் இனிய நீர் ஊறும். ஆண்டின் தொடக்க மாதங்களில் தேனீக்கள் அதனையே திரட்டுகின்றன.

இத்தொழில் ஒருமுறை ஏறத்தாழ அழிந்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவியது. புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறுமுன் நீர் நிறைந்த பைபோல் ஆகி மடிந்தன. பெட்டி வளர்ப்புக் குடும்பங்களில் பெரும்பான்மை அழிந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்பது அறிஞர் மதிப்பீடு. பல்லாண்டு உழைப்பு ஓரிரு பருவங்களில் வெற்றுப்பெட்டிகளாய் நின்றது. நோயைத் தாங்கி எஞ்சிய குடும்பங்களைத் தேர்ந்து பிரித்துப் பெருக்கியே வளர்ப்போர் மீண்டனர். 1962-இல் வட இந்தியாவில் நிலைபெற்ற இத்தாலியத் தேனீயும் அதன்பின் தமிழகத்தில் பரவலாயிற்று. அது மிகுதியாகத் தேன் தரும். ஆயினும் மிகுதியான பராமரிப்பையும் வேண்டும்.

இலையிலும் கிண்ணத்திலும்

தமிழர் உணவில் தேனின் இடம் அளவானது, ஆயினும் உயர்வானது. தினைமாவில் தேன் பிசைந்து வைப்பது வள்ளிமணாளனுக்கு உரிய படையல். பழநிப் பஞ்சாமிருதத்தில் மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், ஏலம் ஆகியவற்றோடு தேனும் சேர்கின்றது. அப்பஞ்சாமிருதம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில் விநாயக சதுர்த்தி இரவு முழுதும் பிள்ளையாருக்குத் தேனால் திருமுழுக்கு நிகழ்கின்றது. பண்ணுருட்டிப் பலாச்சுளையைத் தேனில் தோய்த்து உண்ணும் இன்பம் இம்மாவட்டத்தார்க்குக் கைவந்த ஒன்று. நெல்லிக்காயைத் தேனில் ஊறவைப்பதும், இஞ்சியைத் தேனில் இடுவதும் இல்லங்களில் வழங்கும் முறைகள். தேன்குழலிலோ பெயரளவிலும் ஒரு துளித் தேன் இல்லை. இனிய பண்டத்துக்கெல்லாம் தேனின் பெயரைச் சூட்டி மகிழ்வது நம் வழக்கம்.

சித்த மருத்துவம் மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் எனத் தேனை ஐவகையாகப் பகுத்துக் குணம் கூறும். சூரணங்களை உட்செலுத்தும் துணைமருந்தாக, அதாவது அனுபானமாக, அது முதலிடம் பெறும். தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதி பழச்சர்க்கரையும் குளுக்கோசும் ஆகும். நீர்மை குறைவு, புளிப்புத்தன்மை, ஈக்கள் சேர்க்கும் நொதியால் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றால் அதில் கிருமிகள் வளர்வதில்லை. புண்ணுக்குத் தேன் தடவிய முன்னோர் அறிவை இக்கால மருத்துவமும் தூய்மையாக்கிய மருத்துவத் தேன் வாயிலாக ஏற்றுக்கொண்டுள்ளது.

ஆயினும் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவிச் சேனை வைப்பது பல குடும்பங்களில் அன்பின் அடையாளம். தேனில் உறங்கும் ஒருவகை நுண்கிருமியின் வித்துகள் பெரியவர்களுக்குக் கேடு செய்வதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கக்கூடும். ஆகவே முதல் ஆண்டில் தேன் ஒரு துளியும் கூடாது என்பது மருத்துவர் முடிபு. நீரிழிவு உடையோர்க்கும் தேன் ஒரு சர்க்கரையே என்பது நினைவில் நிற்றல் வேண்டும்.

தேனோடு கிடைக்கும் மெழுகின் பயனும் சிறியதன்று. சுவாமிமலைச் சிற்பியர் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து முதலில் மெழுகுத் திருமேனி செய்வர். அதன்மேல் களிமண் பூசிச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உலோகம் வார்ப்பர். சோழர்காலச் செப்புத் திருமேனிகள் அனைத்தும் ஒருகாலத்தில் மெழுகாக நின்றவையே. ஆடவல்லானின் தூக்கிய திருவடிக்குள் தேனீயின் உழைப்பும் மறைந்துள்ளது.

முந்திரி மண்ணில்

வடக்குத்தும் அதனைச் சூழ்ந்த செம்மண் மேடுகளும் முந்திரிக்குப் பெயர் பெற்றவை. குறிஞ்சிப்பாடி என்னும் பெயரை அண்டை ஊர் தாங்கினும் இங்கே மலை இல்லை. மலைத்தேனுக்கு உரிய பாறையும் இல்லை. எனினும் தேனீக்கு வேண்டிய மலர் உண்டு. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த முந்திரி, ஆண்டின் முதல் மூன்று திங்களில் இப்பகுதியில் பூக்கின்றது. ஒரே பூங்கொத்தில் ஆண்பூக்களும் இருபாற்பூக்களும் கலந்திருக்கும். மகரந்தம் ஒட்டும் தன்மையது. காற்று அதனைச் சுமப்பதில்லை. தேனீயும் பிற சிற்றுயிர்களும் கால்வைத்தாலன்றிக் காய் பிடிப்பது அரிது. ஆகவே முந்திரித்தோப்பில் வைக்கும் பெட்டி தரும் தேனைவிட, அது கூட்டித்தரும் கொட்டையே உழவர்க்குப் பெரும்பயன் ஆகும். பூக்கும் பருவத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்போர் கொட்டைக்குப் பகையான பூச்சியோடு கொட்டைக்குத் துணையான ஈயையும் கொல்கின்றனர். விடியலிலும் பகலிலும் தவிர்த்து, ஈக்கள் கூடடைந்த மாலையில் தெளிப்பதே அறிவுடைமை.

2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரைகடந்த தானே புயல், தலைமுறை கண்ட முந்திரியையும் பலாவையும் ஒரே நாளில் வேரோடு சாய்த்தது. உழவர் இழந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பூவையே நம்பிய சிற்றுயிர்கள் இழந்ததை எந்தக் கணக்கும் எடுக்கவில்லை. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஒட்டுரகங்கள் அம்மண்ணில் மீண்டும் வேர்விட்டுள்ளன. தோப்பு திரும்பினால் தேனீயும் திரும்பும். தேனீ திரும்பினாலன்றித் தோப்பு முழுமை பெறாது.

நம்பிக்கை என்னும் சுவை

இன்று தேனுக்கு நேர்ந்துள்ள இடர் புயலும் நோயும் மட்டுமன்று. அரிசி முதலியவற்றிலிருந்து ஆக்கிய சர்க்கரைப்பாகு தேனில் கலக்கப்படுவதை அறிவியல் சுற்றுச்சூழல் நடுவம் 2020 திசம்பரில் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. வழக்கமான ஆய்வுகளில் தேறிய பல மாதிரிகள், அணுக்காந்த ஒத்ததிர்வு என்னும் நுண்சோதனையில் தோற்றன. ஏற்றுமதித் தேனுக்கு அச்சோதனை அதே ஆண்டு ஆகத்தில் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. நீரில் விட்டால் கரையாது அடியில் நிற்கும், தாளில் ஊறாது, நாய் நக்காது, உறையாது என ஊரார் சொல்லும் சோதனைகள் எவையும் இக்கலப்பைக் காட்டிக்கொடா. உறைவது கலப்படம் என்பதும் பிழை. குளுக்கோசு மிகுந்த நல்ல தேனும் குளிர்காலத்தில் உறையும்.

விலை மலிந்த போலித்தேன் சந்தையை நிரப்பும்போது, மெய்யான தேனை எடுப்பவன் தன் விலையை இழக்கின்றான். பெட்டியைக் கைவிடுகின்றான். பெட்டி குறைந்தால் தோப்பில் காய் குறைகின்றது. ஒரு பணித்தேனீ தன் ஆறு கிழமை வாழ்நாளில் ஈட்டுவது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பர். அத்துணைச் சிறிய உழைப்பின் மதிப்பை அறிந்து வாங்குவதே உண்பவர் செய்யத்தக்க முதற்கடமை. மலையிலிருந்து வரும் தேனாயினும் மார்த்தாண்டத்திலிருந்து வரும் தேனாயினும், எடுத்தவர் இன்னார் என்று அறிந்து வாங்கும் வழக்கம் பெருகுமாயின், ஏணியில் தொங்குபவனும் பெட்டியைக் காப்பவனும் வாழ்வர். அவர்களோடு முந்திரிப்பூவும் காய்க்கும்.